எழுதிய பின் கறுக்கும் மை

கடைக்குச் சென்று மை வாங்கும்போது நாம் நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், கையில் ஒட்டுமா, சட்டைப் பையில் கசியுமா என்றும் கேட்கிறோம். ஆனால் இந்த மையால் எழுதிய எழுத்து எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. கடிதத்திற்கும் கணக்கிற்கும் அக்கேள்வி பெரிதன்று. ஒரு குழந்தையின் திருமுழுக்கையும், ஒரு தம்பதியரின் திருமணத்தையும், ஒரு பெரியவரின் இறப்பையும் பதியும் ஏட்டிற்கோ அதுவே முதற் கேள்வியாகும். எழுதியவர் மறைந்து, எழுதப்பட்டவரும் மறைந்து, பேரப்பிள்ளைகள் வந்து புரட்டும் நாளிலும் அவ்வெழுத்து பேச வேண்டும் அன்றோ?

இக்கேள்வியை மனத்திற் கொண்டு, சென்ற கோடையில் பங்கு இல்லத்தின் மேசையிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். சோதனைக்கு எடுத்துக்கொண்ட மை விந்தையானது. எழுதும்போது வெளிறித் தோன்றும். எழுதி முடித்த பின்பே மெல்ல மெல்லக் கறுக்கும். மற்ற மைகள் நாளடைவில் மங்க, இதுவோ நாளடைவில் அழுத்தம் பெறும். அதன் கதையையும், சோதனையின் முடிவையும், அதனால் நம் இல்லங்களுக்கு விளையக்கூடிய பயனையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

மூவகை மை

உலகில் மைகள் பலவாயினும் அவற்றை மூன்று குலங்களாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது கரி மை. விளக்குக் கரியைப் பிசினோடு குழைத்துச் செய்வது. பழமையில் இதுவே மூத்தது. கரி வெயிலுக்கு அஞ்சாது. ஆயிரம் ஆண்டானாலும் நிறம் மாறாது. ஆனால் அது தாளின் மேலேயே தங்குவது. நீர் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். எண்ணிக்கை ஆகமம் ஐந்தாம் அதிகாரத்தில், குரு சாப மொழிகளை ஏட்டில் எழுதி அவற்றை நீரில் கழுவிக் கரைக்கும் சடங்கு ஒன்று கூறப்பட்டுள்ளது. கழுவினால் கரையும் மையாக இருந்தமையாலேயே அது இயன்றது. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறிய பின், கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காக விளக்குக் கரியையும் இலைச் சாற்றையும் சேர்த்துப் பூசினார்களே, அதுவும் இக்குலத்தைச் சேர்ந்ததே. அங்கே எழுத்து கீறலில் இருந்தது. மை அதற்குத் துணை மட்டுமே.

நம் மறவ நாட்டு மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறப்பதற்கு முந்திய நாள், சிறையிலிருந்து தம் சபையினருக்குக் கடிதம் எழுதினார். மையும் பேனாவும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தன. கரியை நீரில் குழைத்து, ஒரு துரும்பை அதில் தோய்த்து எழுதினார் என்பது வரலாறு. எளியோரின் மை என்றும் கரி மையே.

இரண்டாவது சாய மை. இன்று ஊற்றுப்பேனாக்களில் நிரப்பப்படும் பெரும்பாலான மைகள் இவ்வினத்தவை. நீரில் கரைந்த செயற்கைச் சாயமே இவற்றின் உயிர். நிறம் அழகு, பேனாவுக்கும் தீங்கில்லை, குழந்தைகளின் சட்டையிற் பட்டாலும் துவைத்துப் போக்கிவிடலாம். துவைத்தால் போகும் என்பதே பள்ளிக்கூட மையின் பெருமை. அப்பெருமையே பதிவேட்டில் அதன் குறையுமாகிறது.

மூன்றாவதுதான் நாம் பேச வந்த இரும்பு மை.

உரைமருந்துப் பெட்டியில் இருக்கும் மை

இரும்பு மைக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று, துவர்ப்புள்ள ஏதேனும் ஒரு காய், மற்றொன்று, அன்னபேதி. மேலை நாட்டார் கையாண்ட துவர்ப்புப் பொருள் மாசிக்காய். அதைக் காய் என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது காயன்று. ஓக் மரத்தின் மொட்டில் ஒருவகைச் சிறு குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் வளர்த்துக்கொள்ளும் உருண்டைக் கட்டி அது. நம் வீட்டுத் தாய்மார்களுக்கு மாசிக்காயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பச்சிளம் குழந்தைக்கு வசம்பு, சுக்கு, கடுக்காய், சாதிக்காய் ஆகியவற்றோடு சேர்த்து உரைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் அதற்கும் ஓர் இடமுண்டு. கடுக்காயிலும் அதே துவர்ப்பு நிறைந்துள்ளது. அதன் சதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துவர்ப்புச் சத்தே. ஆகவே நம் நாட்டில் மை செய்வதற்குக் கடுக்காயே கைகொடுத்தது.

அன்னபேதி என்பது இரும்பும் கந்தக அமிலமும் கூடிய பச்சை நிற உப்பு. சித்த மருத்துவர் இதைச் சுத்தி செய்து மருந்தாக்குவர். நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

துவர்ப்பு நீரும் அன்னபேதியும் கலக்கும்போது என்ன நிகழ்கிறது? தொடக்கத்தில் உண்டாகும் பொருள் நீரில் கரைவது, வெளிறியது. ஆதலால் அது தாளின் மேலே தங்கிவிடாமல் நார்களுக்குள் ஊறி இறங்குகிறது. பிறகு காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு சேர, அது நீரில் கரையாத கரும்பொருளாக மாறி, நார்களுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கரி மை தாளின் மேல் குடியிருக்கிறது. இரும்பு மையோ தாளோடு ஒன்றாகிவிடுகிறது. இதுவே அதன் ஆற்றலின் இரகசியம்.

இந்த நுட்பம் நம் நெசவாளர்க்கும் ஓவியர்க்கும் நெடுங்காலமாகத் தெரிந்ததே. காளத்தியிலும், தஞ்சைப் பகுதிச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி எழுதுவோர், முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பின்பு இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரைத் தொட்டு அதன்மேல் கோடு இழுப்பர். கோடு துணியைத் தொட்டதும் கறுக்கும். அங்கே துவர்ப்பு துணியில் காத்திருக்கிறது. இரும்பு பின்னர் வந்து சேர்கிறது. மைக்கூட்டில் இரண்டும் முன்னரே கூடிவிடுகின்றன; வேறுபாடு அவ்வளவே.

மேலை நாடுகளில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் இம்மையே கோலோச்சிற்று. நான்காம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட சீனாய் விவிலியப் பிரதி இரும்பு மையால் எழுதப்பட்டதே. இன்றும் அதைப் படிக்கலாம். 1832ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் என்ற மருத்துவர் நீலக்கறுப்பு மையை விற்பனைக்குக் கொணர்ந்தார். எழுதும்போதே கண்ணுக்குத் தெரியும்படி நீல நிறமும், பின்னர் நிலைக்கும்படி இரும்புக் கருமையும் கொண்டது அது. ‘நீலக்கறுப்பு’ என்ற பெயர் முதலில் ஒரு நிறத்தைக் குறித்ததன்று. நீலமாய்த் தொடங்கிக் கறுப்பாய் முடியும் மாற்றத்தைக் குறித்தது. இன்று அப்பெயரில் விற்கப்படும் பல மைகளில் இரும்பே இல்லை; நிறம் மட்டுமே எஞ்சியுள்ளது. வாங்குவோர் இதை நினைவிற் கொள்வது நன்று.

மேசையில் செய்து பார்த்தது

சோதனைக்கு ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நீல மை; சாதாரணப் பந்துமுனைப் பேனா; ஜெல் பேனா; கையாற் செய்த கடுக்காய் மை; இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த பங்கு இளைஞர் ஒருவர் கொணர்ந்து தந்த டயமைன் நிறுவனத்தின் பதிவாளர் மை. இந்நிறுவனம் 1864இல் தொடங்கப்பட்டு இப்போது லிவர்பூலில் இயங்குவது. பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியும் அலுவலர்களுக்கென்றே அங்கு இவ்வகை மை செய்யப்பட்டு வந்துள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் திருமணப் பதிவு மின்னணு முறைக்கு மாறிவிட்டபோதிலும், மை மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

கடுக்காய் மைக்குப் பழைய ஏடுகள் கூறும் அளவு எளியது: துவர்ப்புக் காய் மூன்று பங்கு, அன்னபேதி இரண்டு பங்கு, பிசின் ஒரு பங்கு. கீழமாசி வீதியில் கடுக்காய் வாங்கி, கொட்டை நீக்கி, 30 கிராம் இடித்து, கால் லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, துணியில் வடித்தேன். அதில் 20 கிராம் அன்னபேதியையும் 10 கிராம் கருவேலம் பிசினையும் கரைத்தேன். தேநீர் நிறமாயிருந்த நீர் கண்ணெதிரே ஊதாக் கருமையாக மாறியது. அருகே நின்ற பீடச் சிறுவர்கள் வியந்து போயினர். பூஞ்சை பிடியாதிருக்க இரண்டு கிராம்பை இட்டுக் கண்ணாடிப் புட்டியில் மூடிவைத்தேன். இதைத் தொட்டெழுதும் நிப்புக் கட்டையால் எழுதினேன். பதிவாளர் மையை மட்டும் எபோனைட்டால் ஆன பழைய ஊற்றுப்பேனா ஒன்றில் நிரப்பினேன்.

பதிவாளர் மை தாளில் இறங்கும்போது தெளிந்த நீலமாகவே இருந்தது. ஈரம் உலரும்போதே சற்று இருண்டது. ஒரு மணி நேரத்தில் ஆழ்ந்த நீலமாயிற்று. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து வந்து பார்க்கையில், நீலச் சாயல் சிறிதே எஞ்ச, எழுத்து ஏறக்குறையக் கறுத்துவிட்டிருந்தது. கடுக்காய் மை தொடக்கத்தில் சாம்பல் நிறமாயிருந்து, அன்று மாலைக்குள் கறுத்தது.

ஒரு வாரம் கழித்து ஒவ்வோர் எழுத்திலும் ஒரு துண்டை நீரில் ஓரிரவு ஊறவிட்டேன். பள்ளி மை முற்றும் கரைந்தது. நீல நீரும் வெறுந்தாளும் மிஞ்சின. ஜெல் பேனாவின் எழுத்து பரவிக் குழம்பிற்று. பந்துமுனைப் பேனாவுக்கு நீரால் ஒன்றும் நேரவில்லை. பதிவாளர் மையிலிருந்து நீலச் சாயம் வெளியேறியது. ஆனால் கறுத்த கோடு அசையவில்லை. கடுக்காய் மையைச் சுற்றி இலேசான நிழல் படர்ந்தது. எழுத்து நிலைத்து நின்றது.

மற்றொரு துண்டைப் பாதி அட்டையால் மூடி, தெற்குச் சன்னலில் ஆறு வாரம் மதுரையின் கோடை வெயிலுக்கு விட்டுவைத்தேன். நம் வெயிலைவிடக் கண்டிப்பான தேர்வாளர் வேறு யார்? பள்ளி மை மூடிய பாதியில் நீலமாகவும், திறந்த பாதியில் தேடிப் பார்த்தாலன்றித் தெரியாததாகவும் ஆயிற்று. பந்துமுனைப் பேனாவின் எழுத்தும் வெளிறிற்று. பதிவாளர் மை நீலத்தை இழந்து கருஞ்சாம்பலாக நின்றது. கடுக்காய் மை சற்றே பழுப்பேறியது. ஆயினும் ஓர் எழுத்தும் தொலையவில்லை.

நீரையும் வெயிலையும் ஒருங்கே தாங்கியவை இரும்பு கலந்த இரண்டும் மட்டுமே.

ஏட்டில் கரைந்த ஒரு திருமணம்

இதெல்லாம் பொழுதுபோக்கா என்று வாசகர் கேட்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றியபோது நிகழ்ந்ததைக் கூறுகிறேன்.

கணவரை இழந்த அம்மையார் ஒருவர் தம் திருமணச் சான்றிதழ் கேட்டு வந்தார். குடும்ப ஓய்வூதியம் பெற, தாம் மனைவி என்பதை நிறுவ வேண்டிய நிலை. திருமணம் நடந்தது அதே ஆலயத்தில்தான். பதிவேட்டை எடுத்தோம். எனக்கு வெகுகாலம் முன்பே ஓர் ஐப்பசி மழையில் அலமாரிக்கு மேல் கூரை ஒழுகியிருந்தது. அவருடைய திருமண ஆண்டிற்குரிய பக்கங்களில் எழுத்து இல்லை. நீலக் கறை மட்டுமே இருந்தது. அதே தட்டில், அதே மழையில் நனைந்து, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்த அதனினும் பழைய ஏடோ தெளிவாகப் படிக்கக்கூடியதாக இருந்தது. முன்னது கழுவினால் போகும் நீலத்தால் எழுதப்பட்டது. பின்னது இரும்பு மையால் எழுதப்பட்டது.

அம்மையார் படியில் அமர்ந்து, “அப்போ எங்க கல்யாணம் நடக்கவே இல்லீங்களா சாமி?” என்று கேட்டார்.

திருச்சபை தன் ஞானத்தால் ஒரு வழி வைத்திருந்தது. ஒருவருடைய திருமணத்தை, அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் திருமுழுக்கு ஏட்டிலும் குறித்தல் வேண்டும் என்பது சட்டம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1122ஆம் எண் இதைக் கூறுகிறது. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இவ்விதி இருந்தது. திருமங்கலம் பக்கத்திலுள்ள அவருடைய பிறந்த ஊர்ப் பங்கிற்கு எழுதினோம். பத்து நாளில் விடை வந்தது. அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில், திருமண நாளும் கணவர் பெயரும் ஆலயப் பெயரும் சிறு எழுத்தில், கறுத்த மையில் குறிக்கப்பட்டிருந்தன. அறிவிப்பை அனுப்பிய குருவும், அதைச் சோம்பாமல் ஓரத்திற் குறித்த குருவும் என்றோ இறைவனடி சேர்ந்தவர்கள். அவர்கள் இருவரும் ஒரு விதவையின் உரிமையைக் காத்தனர். நல்ல மையும் அதிற் பங்கு கொண்டது.

எல்லாருக்கும் இந்த வழி வாய்க்கும் என்று சொல்ல இயலாது. இன்று பல பங்குகளில் கணினியிலும் பதிவு செய்கிறோம். அது மிக நன்று. ஆயினும் பங்கிற்குரிய பதிவேடுகள் இருத்தல் வேண்டும், பழைய ஏடுகளும் கவனமாகக் காக்கப்பட வேண்டும் என 535ஆம் எண் கட்டளையிடுகிறது. கட்டளையை நிறைவேற்றும் கையில் எந்தப் பேனா இருக்கிறது என்பதும் சிந்திக்கத் தக்கதே.

தாளைத் தின்னும் மை

ஒரு பொருளின் நன்மையை மட்டும் கூறித் தீமையை மறைப்பது நேர்மையன்று. இரும்பு மை புளிப்புத் தன்மை உடையது. அன்னபேதி மிகுந்துவிட்டால், அவ்வமிலமும் எஞ்சிய இரும்பும் சேர்ந்து தாளின் நாரை அரித்துவிடும். எழுத்திருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழும். இசைமேதை பாக் எழுதிய கையெழுத்துப் படிகளே இவ்வாறு சிதைந்தன. இக்கேட்டைக் கண்டு கவலையுற்ற வத்திக்கான் நூலகத் தலைவர், இயேசு சபைத் தந்தை பிரான்ஸ் ஏர்லே, 1898ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரில் அறிஞர்களைக் கூட்டி, பழஞ்சுவடிகளைக் காப்பது பற்றி ஆராய்ந்தார். சுவடிப் பாதுகாப்பு அறிவியலின் வரலாற்றில் அக்கூட்டம் ஒரு மைல்கல்.

ஆகவே என் கடுக்காய் மை பீடச் சிறுவர்க்குப் பாடம் சொல்லவும், ஒரு வாழ்த்து மடல் எழுதவும் ஏற்றதே தவிர, பதிவேட்டிற்கு உரியதன்று. கையால் அளந்த கலவையில் எது மிகுந்தது, எது குறைந்தது என்று திட்டமாகக் கூற இயலாது. பதிவேட்டிற்கு அளவறிந்து செய்யப்பட்ட பதிவாளர் மையே தகும்.

பேனாவுக்கு வேண்டிய கவனம்

கையாற் செய்த மையை ஊற்றுப்பேனாவில் ஒருபோதும் ஊற்றலாகாது. அதிலுள்ள பிசினும் அடியிற் படியும் கசடும் பேனாவின் நுண்ணிய வழியை அடைத்துவிடும். ஊற்றுப்பேனாவுக்கென்றே செய்யப்பட்ட இரும்பு மையாயினும், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பேனாவை வெறும் நீரால் கழுவ வேண்டும். மை உள்ளே உலரும்படி மாதக்கணக்கில் விடலாகாது. ஒரு மையோடு மற்றொரு மையைக் கலக்கலாகாது. தங்க நிப்பு இதன் புளிப்பைத் தாங்கும். மட்டமான இரும்பு நிப்பு அரிக்கப்படும். எபோனைட்டு உடலும் அமிலத்திற்கு அஞ்சாது. 1932ஆம் ஆண்டு முதல் ராஜமுந்திரியில் எபோனைட்டுப் பேனா கடைந்து வந்த ரத்னம் குடும்பத்தாரின் கைவண்ணத்தைக் காந்தியடிகளே பாராட்டி எழுதியதுண்டு. சுதேசி மைக்கும் அவ்வாறே ஒரு வரலாறு உண்டு. 1934இல் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கிய சுலேகா மை, 1980களின் இறுதியில் நின்றுபோய், பின்னர் உயிர்பெற்று, 2020இல் தன் ஊற்றுப்பேனா மைகளை மீண்டும் வெளியிட்டது. பேனாவும் மையும் மறைந்துவிட்டன என்று எண்ணுவோர் இதனை அறிவது நன்று.

வெள்ளைத் துணியிற் பட்ட இரும்பு மை சோப்புக்கு இணங்காது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைப்பது பாட்டிமார் கண்ட வழி. எலுமிச்சையின் புளிப்பு இரும்பைக் கரைத்துக்கொண்டு போகும். இதனாலேயே அந்த ஏட்டின் அருகில் எலுமிச்சைச் சாறு வைக்கலாகாது என்பதும் விளங்கும்.

இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பதிவேடு குருக்களின் பொறுப்பு. அதில் இல்லத்தாருக்கு என்ன வேலை என்று இருந்துவிட வேண்டாம். பல குடும்பங்களில் விவிலியத்தின் முதல் பக்கத்தில் பிறப்பு, திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், இறப்பு ஆகிய நாட்களைக் குறித்து வைக்கும் நல்ல வழக்கம் இருந்தது. அதை மீண்டும் தொடங்குங்கள். நாளை மட்டும் எழுதினால் போதாது. ஆலயத்தின் பெயர், குருவின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஏடு அழிந்த இடத்தில், ஐயத்திற்கு இடமற்ற ஒரு சாட்சியின் வாக்குமூலமே திருமுழுக்கை நிறுவப் போதும் என்று 876ஆம் எண் கூறுகிறது. அச்சாட்சி யாரென்று பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டாமா?

எழுதுவதற்கு நீரில் கரையாத மையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பதிவாளர் மை கிடைக்காவிடில், வெயில் படாத பெட்டிக்குள் இருக்கும் வரையில் நல்ல பந்துமுனைப் பேனாவும் பள்ளி மையைவிட மேலானதே. சான்றிதழ்களைச் சுவரில் வெயில் விழும் இடத்தில் மாட்டாதீர்கள். படியெடுத்து அதை மாட்டி, மூலத்தைப் பெட்டியில் வையுங்கள். உங்கள் திருமணம் வேறு பங்கில் நடந்திருந்தால், நீங்கள் திருமுழுக்குப் பெற்ற ஆலயத்து ஏட்டின் ஓரத்தில் அது குறிக்கப்பட்டுள்ளதா என்று ஒருமுறை கேட்டறியுங்கள். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது பங்குத் தந்தையைக் கண்டு கேட்டால் சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடம், என்றோ ஒரு நாள், படியில் அமர்ந்து கலங்கும் ஒருவருக்கு விடையாக அமையக்கூடும்.